புரை நீங்கிய பின்

கண்புரை வைத்தியத்தின் சரித்திரம் பெரும்பாலும் ஊசியின் சரித்திரமாகவும் கத்தியின் சரித்திரமாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சுஸ்ருதர் புரையைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் கீழே தள்ளிவிடச் சொன்னார். 1747ல் பிரான்ஸில் ழாக் தாவியேல் கண்ணைக் கீறி அதை வெளியே எடுத்தார். 1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி எடுத்த இடத்தில் ஒரு செயற்கை லென்ஸைப் பொருத்தினார். இந்த மூன்று கட்டங்களையும் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் அந்த மனிதன் எதைப் பார்த்தான், எப்படிப் பார்த்தான் என்ற விஷயம் இந்தச் சரித்திரத்தின் ஓரத்தில்தான் கிடக்கிறது. 'பார்வை வந்துவிட்டது' என்று எழுதியதும் குறிப்பு முடிந்துவிடுகிறது. எந்தப் பார்வை வந்தது?

தஞ்சாவூர் சரபோஜி (ஆட்சிக் காலம் 1798–1832) கண் நோயாளிகளுக்கென்று தனித்தனிக் குறிப்புகள் எழுதிவைக்கச் செய்தவர். அவற்றில் எஞ்சியவை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயுற்ற கண்ணின் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் மண்ணில் இப்படி ஒரு காரியம் நடந்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்தப் படங்கள் கண்ணை வெளியிலிருந்து பார்க்கிறவனின் படங்கள். அந்தக் கண் வழியாகத் தெரிந்த தஞ்சாவூரை வரைவது அன்றைய வைத்தியத்தின் வேலையாக இல்லை. இன்றும் முழுக்க ஆகிவிடவில்லை.

புராணத்திலும் இதே கதைதான். சுந்தரர் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் இரண்டு கண்ணையும் இழக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் திரும்புகின்றன. இடையிலுள்ள தூரத்தை ஒற்றைக் கண்ணோடு கடந்தவருக்குப் படியின் ஆழமும் எதிரே வந்த மாட்டின் தூரமும் எப்படித் தெரிந்தன என்று சேக்கிழார் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தரிசனம் கிடைத்துவிட்ட இடத்தில் பார்வையின் கோளாறுகளைப் பற்றிப் பேசுவது அபசாரம். இந்த மனோபாவம் பின்னால் ஆஸ்பத்திரி வாசல் வரை கூட வந்தது என்பதால்தான் சொல்கிறேன்.

ஊசியால் புரை தள்ளுகிறவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சென்னை கண் ஆஸ்பத்திரியில் (1819ல் தொடங்கியது) பணியாற்றிய ஆர். எச். எலியட் இந்த முறையை ஆராய்ந்து 1917ல் லண்டனில் ஹண்டேரியன் சொற்பொழிவுகளாக நிகழ்த்தி, புத்தகமாகவும் போட்டார். கோபத்தோடு எழுதப்பட்ட புத்தகம். புரை கீழே விழுந்ததும் நோயாளி விரல்களை எண்ணுவான், சுற்றி நிற்கிறவர்கள் வியப்பார்கள், கூலி கைமாறும், ஊசிக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதும் சீழ் பிடிப்பதும் அவர் போன பிறகு. தள்ளப்பட்ட புரை சிலருக்குக் கண்ணுக்குள்ளேயே மிதந்து மறுபடி மேலே வந்து மறைக்கும். அப்படி எதுவும் நேராதவர்களுக்குக்கூடக் கிடைத்தது லென்ஸ் இல்லாத கண்தான். வெளிச்சமும் நிறங்களும் உண்டு, விளிம்புகள் கிடையாது. ஆனால் முழு இருட்டிலிருந்து வந்தவனுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். எலியட் நேர்மையாகக் கணக்கெடுத்தார். அவருடைய சாட்சிகள் கெட்டுப்போன கண்கள். கண்ணுக்குச் சொந்தக்காரர்களின் வாக்குமூலம் அல்ல.

வாக்குமூலம் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. யாருடையது கிடைத்தது என்று பார்த்தால் காரணம் புரியும். ஜெனீவாவில் ஷார்ல் லுல்லன் என்ற முதியவர் புரை ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு பார்வை மங்கிய நிலையில், இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் கண்டார். அவை இல்லாதவை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. இது உலகத்துக்குத் தெரிந்தது அவருடைய பேரன் ஷார்ல் போனே ஒரு தத்துவவாதி என்பதால். 1760ல் தன் நூலில் அதை எழுதினார். இன்று அந்த நிலைக்குப் பேரன் பெயர்தான், கண்டவர் பெயர் இல்லை.

இன்னொருவர் ஓவியர் மோனே. 1912ல் புரை என்று சொல்லப்பட்டும் பத்து வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டு, 1923ல் வலக்கண்ணை ஆபரேஷனுக்குக் கொடுத்தார். பழுத்த புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீலத்தைத் தின்றுவிடும். அது போனதும் நீலம் வெள்ளமாக வரும். எல்லாம் நீலமாக இருக்கிறது என்றார் மோனே, சில சமயம் எல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்றார். டாக்டர் குதேலாவைக் கடிந்துகொண்டார், கண்ணாடிகளை மாற்றினார், சாயமிட்ட கண்ணாடிகள் போட்டுப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. மனிதக் கண்ணின் லென்ஸ் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுகிறது. லென்ஸ் இல்லாத கண் அதையும் பார்க்கிறது என்று 1945ல் ஜார்ஜ் வால்ட் எழுதினார். மோனே திட்டியதெல்லாம் கலை வரலாற்றில் பதிவாகிவிட்டது. அதே காரியத்தை ராமநாதபுரத்துக் கிழவி செய்தால் அதற்கு வேறு பெயர்.

எழுபதுகளில் திருப்பத்தூர் ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985ல். புரை 'முத்த' வேண்டும் என்று காத்திருந்து, முத்தியதும் முகாமுக்கோ, மேலூர் வழியாக மதுரைக்கோ பஸ் ஏறுவார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கியிருந்தார். அன்றைய முறை லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவது. எடுத்த லென்ஸின் வேலையை மூக்கின்மேல் உட்காரும் பிளஸ் பத்து பவர் கண்ணாடி செய்ய வேண்டும். ஊரில் அதற்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்று பெயர்.

இந்தக் கண்ணாடி உலகத்தைத் தெளிவாக்குவதோடு நிற்பதில்லை, கால்வாசிக்கு மேல் பெரிதாகவும் ஆக்குகிறது. பெரிதாகத் தெரிவது பக்கத்தில் இருப்பதாகப் படும். கை நீளும், தம்ளருக்கு முன்னாலேயே நின்றுவிடும். நேர்கோடுகள் நடுவில் உள்வாங்கி வளையும். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருட்டு வளையம் உண்டு. பக்கத்திலிருந்து வருகிற ஆள் அதற்குள் காணாமல் போய், திடீரென்று முழு ஆளாக முன்னால் நிற்பான். தலையைத் திருப்பினால் அந்த வளையமும் கூடவே திரும்பும். பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையின் பெயரை மேல்நாட்டு டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகி மற்றதில் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தால் இன்னும் மோசம்: இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவில் உலகம், மூளையால் ஒட்டவைக்க முடியாது.

இதைச் செட்டிநாட்டு வீட்டில் வைத்து யோசிக்க வேண்டும். நேர்கோடுகளை இவ்வளவு நம்பிக் கட்டிய வீடுகள் குறைவு. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைக்குப் பின் நிலையாகக் கடைசி வாசல் வரை கண் ஓடும். இருபுறமும் தூண் வரிசை. கீழே ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்கள். சோடாபுட்டி வழியாக ஒவ்வொரு நிலையும் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கும். தலையசைத்தால் வரிசை முழுக்க நெளியும். உயர்ந்த நிலைப்படி எங்கே இருக்கிறது என்று காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது வருஷம் இருட்டிலும் தடவாமல் நடந்த வீட்டில், பார்வை வந்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இருந்தார்கள்.

என் அப்பத்தா அவர்களில் ஒருத்தி. "தூணெல்லாம் வளஞ்சு நிக்குதப்பா" என்பாள். "வாறவுக வாறதாத் தெரியல, மொளைக்கிறாப்ல இருக்கு" என்பாள். குருட்டு வளையத்துக்கு இதைவிடச் சரியான வர்ணனையை நான் எந்த வைத்திய நூலிலும் படிக்கவில்லை. வீட்டில் இதை வயசான கோளாறு என்று எடுத்துக்கொண்டோம். அவளும் வெளியாளிடம் சொல்லமாட்டாள். காசு வாங்காமல் கண் கொடுத்திருக்கிறார்கள், சோறு போட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அதில் போய்க் குறை சொல்வதா? கண் கூசுவதற்கும் மனசு கூசுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் பலர் மறுபடி இருட்டுக்கே திரும்பினார்கள். ஆபரேஷன் வெற்றி என்ற கணக்கிலும் ஒருமுறை, பார்வையற்றோர் கணக்கிலும் ஒருமுறை எண்ணப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

கேட்கப்பட்டதும் மதுரையில்தான். தொண்ணூறுகளில் அரவிந்தில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 1998ல் வெளிவந்தன. புரையால் இரண்டு கண்ணும் தெரியாத 3400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய முறையும் தடித்த கண்ணாடியும், மீதிப் பேருக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் கொடுத்தார்கள். எத்தனை வரி படிக்கிறாய் என்று அளந்ததோடு விடாமல் வினாப்பட்டியல் வைத்து உட்கார்ந்து விசாரித்தார்கள். பக்கத்தில் வருவது தெரிகிறதா, வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் என்ன ஆகிறது, நிறம் பிரிகிறதா, கூசுகிறதா, எட்டி எடுக்கும் பொருள் கைக்கு அகப்படுகிறதா, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, நாலு பேர் நடுவே போகிறாயா என்ற மாதிரியான விஷயங்கள். இரண்டு கூட்டத்துக்குமே பார்வை வந்தது. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்தவர்கள் சொன்ன அன்றாடம் மேலானதாக இருந்தது. இதைப் புள்ளிவிவரம் என்று நம் எழுத்தாளர்கள் ஒதுக்கிவிடக் கூடும். என் பார்வையில் இது தமிழ்க் கிராமத்துக் கிழவன் கிழவிகளிடம் 'உனக்கு உலகம் எப்படித் தெரிகிறது' என்று முறையாகக் கேட்கப்பட்ட அபூர்வமான தருணம். நம் நாவல்களில் பார்வையிழந்த பாத்திரங்கள் உண்டு. பார்வை திரும்பியவர்களின் தடுமாற்றம் எழுதப்பட்டு நான் வாசித்ததில்லை.

ஆய்வின் முடிவுகள் வரும் முன்பே 1992ல் மதுரையில் ஆரோலாப் லென்ஸ் செய்ய ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டில் வாங்க வேண்டியிருந்த பொருள் ஏழைக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. சோடாபுட்டி மெல்ல ஊரைவிட்டுப் போயிற்று. தூண்கள் நேராயின.

ஆனாலும் கதை முடியவில்லை. உள்ளே வைத்த லென்ஸும் தன் இருப்பைக் காட்டிக்கொள்ளும். சிலருக்கு விளக்கைச் சுற்றிக் கீற்றுகள், வளைவுகள். சிலருக்குக் காதோரத்தில் பிறை வடிவில் ஒரு கரிய நிழல். 2000ல்தான் இந்தப் பிறை நிழலைத் தனியாக வகைப்படுத்தி எழுதினார்கள். விசித்திரம் என்னவென்றால், அநேகமாக ஆபரேஷன் மிக நன்றாக நடந்த கண்ணில்தான் இது வருகிறது. டாக்டர் கருவியில் பார்த்தால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்க முடிகிறது. நோயாளி மட்டும் நிழல் தட்டுகிறது என்கிறார். இயற்கை லென்ஸைவிடச் செயற்கை லென்ஸ் சிறியது, மெலிந்தது. பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி அதன் வழியாகவும் மற்றது அதைத் தாண்டியும் போய் விழ, நடுவே விழித்திரையில் ஒரு பட்டை வெளிச்சமில்லாமல் நின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கமல்ல. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நிழல் கவனத்திலிருந்து மறைகிறது. மறையாத சிலருக்கு லென்ஸை மாற்றவோ இன்னொன்றை மேலே வைக்கவோ செய்கிறார்கள். அதற்கு முன் சொல்லிப் பார்க்கும் எளிய வைத்தியம் ஒன்று உண்டு: காதோரத்து வெளிச்சத்தை மறைக்கும்படி, பட்டையான ஃபிரேம் போட்ட ஒரு கண்ணாடி. பவர் வேண்டியதில்லை.