நாந்து நகரத்து வெண்மது

பிரான்சு தேசத்தின் மேற்கே, லோவார் ஆறு அத்திலாந்திக் சமுத்திரத்தை நெருங்கும் இடத்தில் நாந்து என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் விளையும் முந்திரிகைப் பழத்திலிருந்து மஸ்கடே எனப்படும் வெள்ளை வைன் ஆக்கப்படுகின்றது. பேர்கண்டி, போர்தோ ஆகிய இடங்களின் மதுவகைகளுக்குள்ள பெரும் பெயர் இதற்கில்லை. கடற்சிப்பியோடு அருந்துவதற்கு உகந்தது என்பதே இதன் புகழ். அப்புகழுக்கு வழி கோலியவை இரண்டு: அந்நிய வணிகரின் தேவை ஒன்று, கொடியதொரு குளிர்காலம் மற்றொன்று.

17ஆம் நூற்றாண்டில் நாந்துத் துறையில் செல்வாக்கோடு விளங்கியவர் ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம். அவர்கள் நாடியது சுவைமிக்க மதுவன்று. காய்ச்சி வடிப்பதற்கேற்ற, மெல்லிய, மலிவான வெள்ளை வைன். வடித்தெடுத்த சாராயம் கப்பலிற் குறைந்த இடத்தையே கொள்ளும். நெடும் பயணத்திலும் கெடாது. 'எரித்த வைன்' எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லே ஆங்கிலத்தின் வழியாகத் திரிந்து, தமிழிலும் பிராந்தி என வழங்குகின்றது. வாங்குவோர் விருப்பத்துக்கிணங்க, நாந்துக் குடியானவரும் வெள்ளை முந்திரிகையை மிகுதியாக நடலாயினர்.

1709ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி இரவு கடுங்குளிர் இறங்கிற்று. ஆறுகள் உறைந்தன. வெர்சாய் அரண்மனையில், தீ மூட்டிய அறைகளிலிருந்த போத்தல்களும் வெடித்தன எனச் சென் சிமோன் பிரபு தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இடையே பனி சற்று இளகி, மீண்டும் உறைந்தமையே பெருங்கேடாயிற்று. ஈரம் ஊறிய மரங்கள் பிளந்தன. விதைத்த தானியம் மண்ணிலேயே அழிந்தது. பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டோர் பல இலட்சம். நாந்துப் பகுதியின் முந்திரிகைத் தோட்டங்களும் பெரும்பாலும் பட்டொழிந்தன.

மீண்டும் நட வேண்டிய வேளையில் குடியானவர் நாடியது மெலோன் என்னும் கொடியை. பேர்கண்டியிலிருந்து வந்த அக்கொடி அதன் பிறந்தகத்திலேயே மதிப்பிழந்தது. எனினும் குளிரைத் தாங்கும், காலத்தோடு காய்க்கும். பசித்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1999ஆம் ஆண்டில் வெளிவந்த பரம்பரையலகு ஆராய்ச்சி ஒன்று வியப்பான செய்தியைத் தந்தது. உலகப் புகழ் பெற்ற சார்டொனே முந்திரிகையும் இந்த மெலோனும் ஒரே தாய்தந்தையர்க்குப் பிறந்தவை.

மெலோன் பழத்துக்குத் தனக்கெனப் பெரிய மணமில்லை. அக்குறையை ஈடுசெய்தது மண்டி. நொதித்தல் முடிந்ததும் மதுவம் அடியிற் படியும். பிற இடங்களிற் பெரும்பாலும் அதனை விரைவில் வடித்து நீக்குவர். நாந்தில், குடும்பத் திருமணங்களுக்கென ஒதுக்கிய நல்ல பீப்பாயை மட்டும் அசைக்காது மண்டியின் மேலேயே விட்டுவைத்தனர் என்றும், அதன் சுவை மேம்பட்டதைப் பின்னரே கண்டனர் என்றும் கூறுவர். கதை எவ்வாறாயினும் முறை மெய்யானது. குளிர்காலம் முழுவதும் மண்டியோடு கிடந்த வைன் சிறிது திண்மை பெறும். புதுப் பாணின் மணம் மெல்ல ஏறும். கலக்காமல் போத்தலில் அடைப்பதனால் எஞ்சிய காபனீரொட்சைட்டு நாநுனியில் இலேசாகக் குத்தும். 1936இல் செவ்ர், மேன் ஆறுகளை அண்டிய பகுதியின் மஸ்கடேக்குச் சட்டம் தனிப்பெயருரிமை வழங்கியது.

கிண்ணத்திலே பார்த்தால் நிறம் வெளிறியது; சில வேளை பசுமை கலந்தது. எலுமிச்சை, பச்சை அப்பிள் ஆகியவற்றை நினைவூட்டும் மெல்லிய மணம். வாயில் வைத்ததும் முந்துவது புளிப்பு. முடிவில் உப்பை ஒத்த ஒரு சுவை. தனியே அருந்துவோர், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை உணவுத் தட்டிலேதான் உண்டு. சிப்பியின் உவர்நீரை அப்புளிப்பு தேசிக்காய்ச் சாறு போல் வெட்டித் துலக்கும். மணம் அடங்கியிருப்பதனாற் சிப்பியின் நுண்சுவையை மறைக்காது. சிவப்பு வைனோ பல வேளைகளில் மீனுணவோடு பொருந்துவதில்லை. வைனிலுள்ள இரும்பே அவ்வேண்டாத வாடையை எழுப்புகின்றது என 2009இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர்.

நாந்துப் பக்கத்தில் லோவார் ஆற்று மீனை அவித்து, வினாகிரியிற் சின்ன வெங்காயத்தைச் சுண்டவைத்து வெண்ணெய் அடித்துச் சேர்த்த வெண்ணிறக் குழம்போடு பரிமாறுவர். வெண்ணெயின் கொழுமையை அடக்குவதற்கும் இவ்வைனே வரும். சிப்பியாயின், சமையல் எதுவும் வேண்டுவதில்லை. றை என்னும் தானியத்துப் பாண், உப்பிட்ட வெண்ணெய், குளிர்ந்த மஸ்கடே.