பழைய பாட்டு, புது உறை

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கியது போக மிச்சமிருந்த நேரத்தில் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பக்கம் போனேன். பழைய ரிக்கார்டுக் கடைக்காரர் ஒரு பீட்டில்ஸ் ரிக்கார்டை எடுத்து நீட்டினார். பார்த்தால், 78 சுற்று! இங்கிலாந்தில் அவர்கள் சிங்கிள்கள் 45 சுற்றில் வந்த காலத்தில், சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இங்கே இன்னும் வீடுகளில் இருந்ததால், நம் டம்டம் ஆலைக்காரர்கள் 78லும் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். விலையைக் கேட்டேன். மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் :-)

அன்றிலிருந்து இந்த மறுவெளியீட்டுக் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுவாரசியமான கதைதான், கேளுங்கள்.

பீட்டில்ஸ் பிரிந்தது 1970ல். இ.எம்.ஐ. நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் 1976 தொடக்கத்தில் முடிந்தது. கம்பெனி சும்மா இருக்குமா? அந்த மார்ச்சிலேயே அவர்களுடைய 22 பிரிட்டிஷ் சிங்கிள்களையும் பச்சை உறையில் போட்டு மொத்தமாக இறக்கியது. கூடவே 'யெஸ்டர்டே'. 1965ல் ஆல்பத்தில் வந்த அந்தப் பாட்டு பிரிட்டனில் அதுவரை சிங்கிளாக வந்ததே இல்லை. பதினோரு வருஷம் கழித்து வந்து எட்டாம் இடம் பிடித்தது!

1982ல் இன்னொரு வேடிக்கை. முதல் சிங்கிள் 'லவ் மீ டூ'வுக்கு இருபது வயது என்று மறுபடி வெளியிட்டார்கள். 1962ல் 17ம் இடம் வரைதான் போன பாட்டு, இந்தமுறை 4ம் இடம்! ஸ்டுடியோ செலவு இல்லை, கால்ஷீட் தொல்லை இல்லை. கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்தடுத்த சிங்கிள்களுக்கும் இருபதாம் வருஷ மறுவெளியீடு தொடர்ந்தது.

வெறும் காசு பார்க்கும் வேலை என்றுதான் நானும் நினைத்தேன், கீழே உள்ளதைப் படிக்கும்வரை.

'லவ் மீ டூ'வை மூன்று முறை பதிவு செய்தார்கள். 1962 செப்டம்பர் 4ம் தேதிப் பதிவில் டிரம்ஸ் ரிங்கோ. தயாரிப்பாளர் தரப்புக்குத் திருப்தியில்லை. 11ம் தேதி ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, பாவம் ரிங்கோ கையில் தாம்பூரின். முதலில் வந்த சிங்கிளில் இருந்தது ரிங்கோ வாசித்தது. ஆல்பத்திலும், பின்னால் அச்சான சிங்கிளிலும் ஒயிட் வாசித்தது. ரிங்கோ வாசித்த மூல டேப்பைக் கம்பெனி பத்திரப்படுத்தவில்லை. பிற்பாடு அதை மறுவெளியீடு செய்ய வேண்டி வந்தபோது, பழைய ரிக்கார்டு ஒன்றைச் சுழலவிட்டுத்தான் பிரதி எடுத்தார்கள்.

அதாவது, உலகப் புகழ் பெற்ற குழுவின் முதல் பாட்டைக் காப்பாற்றியது அதைப் பதிவு செய்த கம்பெனியின் டேப் அல்ல, கடையில் விற்ற பிளாஸ்டிக் தட்டு!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் மாற்றல் வந்தபோது, ஊரில் அப்பா வைத்திருந்த ஒரு பெட்டி ரிக்கார்டுகளை, "எல்லாம்தான் சி.டி.யில் வந்துவிட்டதேப்பா" என்று சொல்லி எடைக்குப் போட்டவன் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்.

அதில் என்னென்ன இருந்தன என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

ஊரில் உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அடுத்த லீவில் போகும்போது ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.