எடின்பரோவிலிருந்து திரும்பிய மண்டையோடுகள்

இலங்கையின் வேடர் சமூகத்தின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ 2019 நவம்பரில் ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குச் சென்றிருந்தார். அவர் சென்றது சுற்றுலாவுக்காகவோ மாநாட்டுக்காகவோ அல்ல. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் சேகரிப்பில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வைக்கப்பட்டிருந்த தமது முன்னோர்களின் ஒன்பது மண்டையோடுகளைப் பொறுப்பேற்பதற்காகவே அவர் அங்கு சென்றார். அன்றைய தினம் எமது ஊடகங்களில் ஒரு சிறு செய்தியாக வந்து மறைந்துபோன அந்த நிகழ்வின் பின்னால் ஐந்து நூற்றாண்டு கால வரலாறு ஒன்று இருக்கிறது.

உடற்கூற்றியல் கற்பதற்கு மனித உடல் வேண்டும். அந்த உடல் யாருடையது, யாருடைய அனுமதியுடன் மேசைக்கு வந்தது என்ற கேள்வியைத் தவிர்த்துக்கொண்டு இத்துறையின் வரலாற்றை எழுத முடியாது. எடின்பரோவைப் போன்று அக்கேள்வியை மீண்டும் மீண்டும் எதிர்கொண்ட நகரங்கள் உலகில் மிகச் சிலவே.

1505ஆம் ஆண்டில் எடின்பரோ நகரசபை அங்கிருந்த சத்திரசிகிச்சையாளர்களினதும் நாவிதர்களினதும் சங்கத்துக்கு ஒரு சாசனத்தை வழங்கியது. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு குற்றவாளியின் சடலத்தை ஆண்டுக்கு ஒரு தடவை அறுத்து ஆராய்வதற்கு அதன் மூலம் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டில் மன்னர் நான்காம் ஜேம்ஸ் அதை உறுதிப்படுத்தினார். 1720இல் அலெக்சாண்டர் மன்றோ உடற்கூற்றியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவருக்குப் பின்னர் அவரது மகனும் அதன் பின்னர் பேரனும் அதே பெயருடன் அதே பதவியில் இருந்தனர். 1846 வரை, அதாவது 126 ஆண்டுகள், ஒரே குடும்பத்தின் கையில் அந்தப் பேராசிரியர் பதவி இருந்தது. ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் எடின்பரோவை நோக்கி வந்தனர்.

மாணவர் தொகை பெருகியபோது தூக்குமேடையிலிருந்து கிடைத்த சடலங்கள் போதவில்லை. புதைகுழிகள் இரவில் தோண்டப்பட்டன. 1725இலேயே இந்தத் திருட்டுக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்ததனால், முதலாவது மன்றோ தனது விரிவுரைக் கூடத்தைப் பாதுகாப்பான பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வசதி படைத்தவர்கள் தமது உறவினர்களின் கல்லறைகளின் மேல் இரும்புக் கூடுகளைப் பொருத்தினர். எடின்பரோவின் கிரேஃப்றையர்ஸ் மயானத்தில் அத்தகைய கூடுகளை இன்றும் காணலாம். இரும்புக் கூடு வாங்க முடியாத ஏழைகளின் பிரேதங்களே பெரும்பாலும் மருத்துவ மாணவர்களின் மேசைக்குச் சென்றன.

1828இல் இந்த வியாபாரம் அதன் கோரமான எல்லையைத் தொட்டது. வில்லியம் பேர்க், வில்லியம் ஹெயார் என்ற இருவர், தமது விடுதியில் நோயினால் இறந்த ஒருவரின் சடலத்தை டொக்டர் றொபேட் நொக்ஸின் தனியார் உடற்கூற்றியல் கல்லூரிக்கு 7 பவுண் 10 ஷிலிங்குக்கு விற்றார்கள். அதில் கிடைத்த பணம், சாவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தை அவர்களிடம் ஏற்படுத்தியது. ஒரு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் 16 பேரை அவர்கள் கொலை செய்து விற்றார்கள். கொல்லப்பட்டவர்களில் அநேகமானோர் வீடற்றவர்கள், முதியவர்கள், பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர்கள். காணாமல்போனால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்று கருதப்பட்டவர்களே தெரிவு செய்யப்பட்டார்கள் என்பது கவனிக்கப்பட வேண்டியது.

ஹெயார் அரச தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்துக்கொண்டார். பேர்க் 1829 ஜனவரி 28 பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டார். அவரது உடலை மூன்றாவது மன்றோ அறுத்துக் காட்டினார். பேர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. சடலங்களை விலைக்கு வாங்கிய நொக்ஸ் மீது எந்த வழக்கும் தாக்கல் செய்யப்படவில்லை.

இச்சம்பவங்களின் எதிரொலியாக 1832இல் பிரித்தானியப் பாராளுமன்றம் உடற்கூற்றியல் சட்டத்தை நிறைவேற்றியது. வைத்தியசாலைகளிலும் ஏழைகளுக்கான விடுதிகளிலும் இறந்து, உறவினர்களால் உரிமை கோரப்படாத சடலங்களை மருத்துவக் கல்லூரிகள் பெற்றுக்கொள்ளலாம் என்று அச்சட்டம் கூறியது. புதைகுழித் திருட்டு முடிவுக்கு வந்தது. ஆனால், அதுவரை கொலைகாரனுக்குரிய தண்டனையாகக் கருதப்பட்டுவந்த ஒன்று, அதன் பின்னர் வறுமைக்கு உரியதாகிவிட்டது. அந்த ஏழைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தாயகத்தில் ஏழைகளிடம் சம்மதம் கேட்காதவர்கள், குடியேற்ற நாடுகளின் மக்களிடமா கேட்டிருக்கப் போகிறார்கள்? 1867இல் எடின்பரோவின் உடற்கூற்றியல் பேராசிரியராக வந்த சேர் வில்லியம் டேர்னரின் காலத்தில் அங்கு மண்டையோட்டுச் சேகரிப்பு பெருமளவில் விரிவடைந்தது. பேரரசின் பல பாகங்களிலும் பணியாற்றிய இராணுவ வைத்தியர்களும் நிருவாகிகளும் தாம் கற்ற பல்கலைக்கழகத்துக்கு மண்டையோடுகளை அனுப்பிக்கொண்டிருந்தனர். மனித இனங்களை அளந்து, வகைப்படுத்தி, உயர்வு தாழ்வு கற்பிப்பது அன்று விஞ்ஞானமாகக் கருதப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் சுமார் 1,500 மண்டையோடுகள் இருக்கின்றன.

இலங்கையர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1818ஆம் ஆண்டின் ஊவா கிளர்ச்சியை அடக்குவதற்கு ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டு, பின்னர் கிளர்ச்சியாளர்களுடன் இணைந்து அவர்களுக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை, அதே ஆண்டு நவம்பர் 26 கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரது மண்டையோட்டை இராணுவ வைத்தியரான ஹென்றி மார்ஷல் எடுத்துச் சென்றார். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைக் கொண்டு மனிதனின் குணத்தை அறியலாம் என்று நம்பிய எடின்பரோ பிரெனோலொஜி சங்கத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. வீரன் ஒருவனின் தலை காட்சிப்பொருளாகியது. இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே அது தாயகம் திரும்பியது. இன்று கண்டியில் தலதா மாளிகையின் எதிரே அவரது நினைவுத்தூபி நிற்கிறது.

கெப்பெட்டிபொலவைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு தேசம் இருந்தது. வேடர்களுக்காகக் குரல் கொடுப்பதற்கு நீண்டகாலமாக எவரும் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் அவர்களை ஆதிமனிதனின் எச்சமாகவே நோக்கினர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் குடும்பத்து உறவினர்களும் வேடர்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதி, அவர்களின் எலும்புகளை பாசல் நகருக்குக் கொண்டுசென்றார்கள். கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம் வாழும் வேடர்கள் தமிழைப் பேசுபவர்கள் என்பதையும் எமது வாசகர்கள் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

எடின்பரோ இன்று மாறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரகாரம், ஒருவர் உயிருடன் இருக்கும்போது சாட்சியின் முன்னிலையில் எழுத்து மூலம் சம்மதம் தெரிவித்தால் மாத்திரமே அவரது உடலை உடற்கூற்றியல் பிரிவு ஏற்றுக்கொள்ள முடியும். இறந்தவருக்காக வேறு எவரும் அந்தச் சம்மதத்தை வழங்க இயலாது. மருத்துவ மாணவர்கள் கற்பதும், சத்திரசிகிச்சை நிபுணர்கள் புதிய முறைகளைப் பயில்வதும் இவ்வாறு தானமாகக் கிடைக்கும் உடல்களைக் கொண்டுதான். மனித எச்சங்களைத் திருப்பி ஒப்படைக்கும் பணி அங்கு 1947இலேயே ஆரம்பித்துவிட்டது. 1874இல் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்ட தாய்வான் பழங்குடி வீரர்கள் நால்வரின் மண்டையோடுகள் 2023 நவம்பரில் அவர்களது சமூகத்திடம் கையளிக்கப்பட்டன. தனது இனவாதக் கடந்தகாலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கையையும் அப்பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்டது.

தூக்குமேடை, புதைகுழி, ஏழைகள் விடுதி, குடியேற்ற நாடு ஆகியவற்றைக் கடந்து மனமுவந்து வழங்கும் தானம் வரை வருவதற்கு ஐநூறு ஆண்டுகள் சென்றன. அந்த நீண்ட பயணத்தில் அறிவு வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அறிவின் பெயரால் பறிக்கப்பட்டவை எல்லாம் பலமற்றவர்களிடமிருந்தே பறிக்கப்பட்டன.

எலும்புகளுக்கு அருங்காட்சியகத்தில் ஓர் இலக்கம் போதும். மனிதர்களுக்குப் பெயர் வேண்டும். இதை எமது மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் 15 பேரின் எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2025இல் மீண்டும் தோண்டியபோது 200க்கும் அதிகமானவை வெளிப்பட்டன. அவையும் இலக்கமிடப்பட்டன. காணாமல்போன பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி வீதியோரங்களில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பதும் அந்த இலக்கங்களுக்குரிய பெயர்களையே. எலும்பைக் கொண்டு வயதையும் பாலினத்தையும் காயத்தையும் கண்டறியும் அறிவை உடற்கூற்றியல் உலகத்துக்கு வழங்கியிருக்கிறது. அந்த அறிவு பெறப்பட்ட விதத்துக்கான கடனை அது அடைக்கக்கூடிய இடங்களில் செம்மணியும் ஒன்று.

ஒன்பது மண்டையோடுகள் திரும்பிவர ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. எமது தாய்மாரிடம் அவ்வளவு காலம் இல்லை.