திறவாத கதவுகள் – 7
கணக்கு டீச்சர் ஃபெயில்!

சென்ற வாரம், மருத்துவம் படிக்க வந்த சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கை எடின்பரோவில், சர்ஜன்ஸ் ஹால் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1870 நவம்பர் 18. உடற்கூறியல் பரீட்சைக்கு வந்த பெண்கள் மேல் ஆண் மாணவர் கூட்டம் சேற்றை வாரி இறைத்தது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது. எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்தால், பின்னாலேயே ஓர் ஆட்டையும் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஆசிரியர் ஹாண்டிசைட் அசரவில்லை. அனுப்பியவர்களைவிட ஆட்டுக்குப் புத்தி அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஆடும் இருந்தது, பரீட்சையும் நடந்தது.

கலவரத்தில் முன்னால் நின்றவர் ஒரு பேராசிரியரின் உதவியாளர் என்று பொதுக்கூட்டத்தில் வாயைவிட்டார் சோஃபியா. அவதூறு வழக்கு பாய்ந்தது. 1871-ல் தீர்ப்பு: சோஃபியா நஷ்டஈடு தர வேண்டும். எவ்வளவு? ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி! கோர்ட் செலவு மட்டும் சுமார் 900 பவுண்டு. ஆதரவாளர்கள் வசூல் பண்ணி அடைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவர் எப்போது படித்தார்?

அதுதான் விஷயம். படிக்கவில்லை; படிக்க நேரமில்லை. அதற்காக மக்கு என்று நினைக்கவேண்டாம். லண்டன் குவீன்ஸ் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மகள் சம்பளம் வாங்குவது அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால், அந்த வேலையையும் சும்மாவே செய்தவர். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் மருத்துவ ஆசை வந்தது. ஹார்வர்டு கைவிரித்தது. எடின்பரோவில் இடம் கிடைத்த நாளிலிருந்து வக்கீல், மனு, பத்திரிகைக்குக் கடிதம் என்று தன்னோடு சேர்த்து அங்கே படித்த ஏழு பெண்களுக்காகவும் அலைந்தவர் அவர்தான்.

1872-ல் முதல் தொழில்முறைத் தேர்வு. சோஃபியா ஃபெயில். வயது 32.

திருத்தியவர்களைச் சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. வேதியியலில் முன்னணியில் வந்த தோழி ஈடித் பீச்சிக்குச் சேரவேண்டிய உதவித்தொகையை, அவருக்குக் கீழே வந்த ஆண் மாணவர்களுக்குத் தூக்கிக் கொடுத்த பல்கலைக்கழகம் அது. ஆனாலும் எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. போராட்டமும் பாடப்புத்தகமும் ஒரே கையில் நிற்காது. எதிரிகளுக்கோ அவர் தோல்வி கரும்பாக இனித்தது.

அடி அதோடு நிற்கவில்லை. 1873-ல் நீதிபதிகள் 7-க்கு 5 என்று பிரிந்து, பெண்களுக்குப் பட்டம் தரவேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்றார்கள்.

வேறு யாராவது இருந்தால் திரும்பக் கணக்குப் பாடம் எடுக்கப் போயிருப்பார்கள். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? 1874 அக்டோபரில் லண்டனில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியையே ஆரம்பித்துவிட்டார். 14 மாணவியர். (அடுத்த ஆண்டே நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி, மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கதை தனி.)

பள்ளி வந்தது, பரீட்சை வைக்கத்தான் ஆளில்லை. 1858 மருத்துவச் சட்டப்படி அப்போது 19 அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு செய்ய முடிந்தது. சோஃபியா விடாமல் சட்டத்தைத் துழாவினார். அறுவை மருத்துவர்களின் ராயல் காலேஜ் நடத்திய பிரசவ மருத்துவத் தேர்வில் ஓர் ஓட்டை கிடைத்தது. 1876-ல் தோழியர் பீச்சியும் இஸபெல் தார்னும் அவரும் விண்ணப்பித்தார்கள். மறுக்க வழியில்லை என்றார்கள் சட்டம் தெரிந்தவர்கள்.

மறுக்கவில்லைதான். தேர்வாளர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்துவிட்டார்கள்! கேள்வி கேட்க ஆளில்லாமல் பரீட்சை ஏது?

அந்த ஆகஸ்டில் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. பெண்களைத் தேர்வுக்குச் சேர்க்கலாம் என்றது. சேர்த்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. சோஃபியா பெட்டியைக் கட்டினார்.

1877 ஜனவரி. ஜெர்மன் பேசும் பெர்ன் நகரம். கையில் பிரசவ ஜுரம் பற்றிய ஆய்வேடு. 37-ஐத் தொடும் வயது. எடின்பரோவில் ஃபெயிலானவர், சுவிட்சர்லாந்துப் பேராசிரியர்கள் முன்னால் மறுபடி பரீட்சைக்கு உட்காருகிறார். இந்த முறையும் கைநழுவினால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கேள்வி வந்தது...

(தொடரும்)