கம்பளம் கழுவும் வெள்ளிக்கிழமை

கம்பளத்தை வாஷிங்மெஷினில் திணித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டீர்களா? அப்படியே என்னோடு ஈரானுக்கு வாருங்கள்!

காஷான் நகரத்துக்கு அருகே மஷ்ஹத் அர்தஹால். 8-ம் நூற்றாண்டில் இமாம் முகமது பாகிரின் மகன் சுல்தான் அலி அங்கே கொல்லப்பட்டார். ஃபீன், காவே ஊர் மக்கள் ஓடிவந்து, உடலைக் கம்பளத்தில் கிடத்தித் தூக்கிப்போய், ஓடையில் கழுவி அடக்கம் செய்தார்களாம்.

அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை! ஒவ்வொரு வருடமும் அக்டோபர் வாக்கில், ஒரு வெள்ளிக்கிழமை பெருங்கூட்டம் கூடுகிறது. சமாதியில் காவேக்காரர்கள் கம்பளத்தின் மேல் பன்னீர் தெளித்துச் சுருட்டி, வெளியே நிற்கும் ஃபீன்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். இவர்கள் கையிலோ அலங்காரத் தடிகள்! அடித்துத் துவைக்கப் போகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊஹூம்... தடியால் துளித்துளியாகத் தெளிப்பதோடு சரி! (2012-ல் யுனெஸ்கோ இந்தச் சடங்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.)

சோப்பா? மூச்! ஓடைத் தண்ணீரில் அலசிய கம்பளம், ஈரத்தோடு சமாதிக்கே திரும்பிவிடுகிறது.