எம் எழுத்து வண்டியும் வி.ஏ. நம்பரும்

போன வாரம் டீக்கடையில ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, அம்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்குத் தனி நம்பர் தர்றாங்களாமே, உங்க அப்பா புல்லட்டுக்கு வாங்கலியா?" அவருக்குச் சொன்னதையே இங்கயும் எழுதிடறேன்.

நம்பர் பிளேட்டைப் பார்த்தே வண்டியோட வயசைச் சொன்ன காலம் ஒண்ணு இருந்தது. 1939ல வந்த மோட்டார் வாகனச் சட்டம்தான் ரொம்ப நாள் நடைமுறையில இருந்தது. அப்ப மூணு எழுத்து, பக்கத்துல நம்பர். நம்ம மாநிலத்துக்கு மெட்ராஸ்னு பேர் இருந்ததால எம் எழுத்துல ஆரம்பிக்கும். 1969 ஜனவரியில தமிழ்நாடுன்னு பேர் மாறுச்சு, அதுக்கப்புறம் டி எழுத்து வந்தது. எம்.ஜி.ஆரோட அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777, பெரியவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். 1989 ஜூலையில புதுச் சட்டம் அமலுக்கு வந்த பின்னாலதான் இப்ப இருக்கிற டி.என். 01, 02 எல்லாம்.

எங்க அப்பா புல்லட் எம் எழுத்து வண்டி. மெட்ராஸ் திருவொற்றியூர்ல செஞ்சது. இந்த நாட்டுல எத்தனை சட்டம் மாறுச்சுன்னு அந்தத் தகரமே சொல்லும்.

2021 ஜூலையில மத்திய அரசு பழங்கால வண்டிக்குன்னு விதி போட்டது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். வண்டி பழைய உருவத்துலயே இருக்கணும், பெருசா மாத்தியிருக்கக் கூடாது. புதுசாப் பதியிற வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின்னால வி.ஏ.ன்னு வரும். கட்டணம் 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும். மறுபடி பதிய 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி அந்த நம்பரையே வச்சுக்கலாம். இது நல்ல விதி, ஒத்துக்கறேன்.

ஆனா அந்தப் பதிவுல வந்த வண்டியை தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இதுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். நான் இன்னும் சந்தைக்கு அதுலதான் போறேன். பின்னால ரெண்டு வாழைத்தார் கட்டியிருக்கும். அதுல என்ன கண்காட்சி? அதனால அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புக்கை சாதாரணமா புதுப்பிச்சுட்டு வர்றேன்.

இன்னொண்ணு. அந்த விதியில ரெண்டு சக்கரமும் சொந்த உபயோகக் காரும்தான் இருக்கு, டிராக்டர் கிடையாது. ராஜா வீட்டுக் கார் ஷெட்டுல நின்னே வயசாச்சு. டிராக்டர் சேத்துல நின்னு வயசாச்சு. பசுமைப் புரட்சி காலத்துல உழுத டிராக்டர் ஒண்ணு எங்க பக்கத்து ஊர்ல வேலியோரமா கிடக்கு. அதை எடைக்குப் போடப் போறதாப் பேச்சு. வாங்கி வைக்கலாம்னு பார்க்கிறேன், வீட்டுல இன்னும் சம்மதம் கிடைக்கலை.