சதுரங்கப்பட்டினம்: துறையில்லாத துறைமுகத்தில் ஒரு பகல்

போலந்தின் கிதான்ஸ்க் நகரில் ஒரு பகல் முழுதும் வழிகாட்டியோடு சுற்றிவிட்டு வந்த நண்பர், சேலையூரில் தம் வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்து அந்த ஊரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். டான்சிக் என்ற பழைய ஜெர்மானியப் பெயரால் குந்தர் கிராஸின் வாசகர்களுக்கு அறிமுகமான ஊர் அது. கிராஸ் அங்கே 1927-இல் பிறந்தவர். ஆற்றங்கரையில் பதினைந்தாம் நூற்றாண்டின் மாபெரும் பாரந்தூக்கி ஒன்று நிற்கிறதாம். அதன் மரச் சக்கரங்களுக்குள் ஆட்கள் நடந்து நடந்தே கப்பல் சரக்குகளை மேலேற்றியிருக்கிறார்கள். நண்பரைக் கவர்ந்தது அதுவல்ல, வழிகாட்டி தொடக்கத்தில் சொன்ன ஒரு வாக்கியம். "நீங்கள் பார்க்கவிருக்கும் பழைய நகரத்தில் பெரும்பகுதி என் தந்தையைவிட இளையது." 1945-இல் எரிந்து சாம்பலான நகரம், பாரந்தூக்கியும் எரிந்தது. பிறகு பல பத்தாண்டுகள் பாடுபட்டு முகப்பு முகப்பாக மறுபடி எழுப்பினார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வழிகாட்டி முதல் தெருவுக்குள் அழைத்துப் போனாராம்.

நமக்கும் அப்படி ஒரு துறைமுக ஊரும், அப்படிச் சொல்ல ஒருவரும் உண்டா என்று கேட்டார் நண்பர். தாம்பரத்தில் இருப்பவர்களுக்குக் கடல் ஒரு தூரத்து உறவினர் மாதிரி. இருக்கிறார் என்று தெரியும், போய்ப் பார்ப்பதில்லை. ரயில் பாதையும் ஏரிகளும் குன்றுகளும்தான் நம் புறநகரின் நிலவியல். சதுரங்கப்பட்டினம் என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார். "கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுவா? அங்கே என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் ஒரு வேனில் கிளம்பினோம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வர ஒப்புக்கொண்டார். அவரைச் சார் என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள் விரிந்தன. கோவளத்தில் சார் எங்களை அரைமணி நேரம்தான் நிற்கவைத்தார். தமீம் அன்சாரி தர்காவையும் மாதா கோயிலையும் காட்டியபின், கடற்கரை விடுதி ஒன்றின் மதில் பக்கம் கைநீட்டி, கோட்டை அங்கேதான் இருந்தது என்றார். 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தார், பிறகு அது தகர்க்கப்பட்டது. அதற்கும் முன்னால், ஆஸ்திரியப் பேரரசரிடம் 1722-இல் சாசனம் பெற்ற ஓஸ்டெண்ட் கம்பெனிக்கு இங்கே ஒரு பண்டகசாலை இருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நெருக்கியதில் அந்தக் கம்பெனி 1727-இல் முடக்கப்பட்டது. அதன் வணிகர் சிலர் போலந்துக் கொடியையும் பிரஷ்யக் கொடியையும் இரவல் வாங்கிக்கொண்டு கீழ்த்திசைக்குக் கப்பல் விட்டுப் பார்த்தார்கள். போலந்து என்ற சொல்லைக் கேட்டதும் நண்பரின் முகம் மலர்ந்ததைக் குறிப்பிட்டாக வேண்டும்.

மாமல்லபுரத்தைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. அதைப் பார்க்காதவர் இதை வாசிப்பவர்களில் இருக்க மாட்டார். ஒரு விஷயம் மட்டும். கடலுக்குள் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன, எஞ்சியது இது ஒன்றே என்று அங்குள்ள எந்த வழிகாட்டியும் சொல்வார். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் வந்து கேட்டு, 1788-இல் அச்சேற்றிய கதை அது. கடலுக்குள்ளே செப்புக் கலசங்கள் வெயிலில் மின்னுவதைப் பெரியவர்கள் கண்டிருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டது. 2002-இல் கடலுக்கடியில் ஆய்வு செய்தவர்கள் கட்டுமானக் கற்களைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியிலிருந்து பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. ஆக, கதை முழுப் பொய்யல்ல. ஆனால் ஆறு என்ற எண்ணிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. சார் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னார். திருமங்கையாழ்வாரின் கடல்மல்லையில் யானைகளையும் மணிக்குவியல்களையும் சுமந்து கலங்கள் அசைகின்றன; அந்தக் கலங்களைக் கட்டிய துறை எது என்று காட்ட அங்கே ஒரு கல்லும் இல்லை என்றும் சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது அப்போதுதான். பின்னால் வருவதை அதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஊர் சிறியது. மலைமண்டலப் பெருமாள் கோயில் கல்வெட்டு, பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் இது இராசநாராயணன் பட்டினம் என்று அழைக்கப்பட்டதைச் சொல்கிறது. டச்சுக்காரர்கள் வாயில் அது சத்ராஸ் ஆயிற்று. கடலைப் பார்த்து நிற்கும் செங்கல் கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலைக் கடந்தால் புல்வெளி, அதன் ஓரங்களில் பாதி விழுந்த மதில்கள், கிடங்குகள், ஒரு மூலையில் பூட்டிய சிறு கல்லறைத் தோட்டம். பல இடங்களில் பழைய செங்கல்லும் புதிய செங்கல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. எது எப்போது வைத்தது என்று சொல்லும் பலகையை நான் தேடினேன், காணவில்லை. கிதான்ஸ்க் வழிகாட்டியின் முதல் வாக்கியம் இங்கேயும் பொருந்தும் என்றார் நண்பர்.

கோட்டையைவிடக் கடல்தான் இங்கே பேசவேண்டிய விஷயம். துறைமுகம் என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் படம் எதுவும் இந்தக் கரையில் கிடையாது. குடாவோ ஆழமான ஆற்றுவாயோ கப்பல் அணையும் மேடையோ இல்லை. பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை பெரிய கலங்கள் கரைக்கு வெகுதூரத்திலேயே நங்கூரமிட்டு நின்றன. இடையில் மூன்று வரிசையாக உடைந்து விழும் அலைகள். அவற்றைக் கடந்து மூட்டைகளையும் மனிதர்களையும் கொண்டுசென்றவை மசூலா படகுகள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் மணலில் மோதிப் பிளந்துவிடும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மோதும்போது அது நெளிந்து கொடுக்கும், உடையாது. கூடவே கட்டுமரங்கள், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றவும், கரையிலிருந்து கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகவும். கிதான்ஸ்க்கில் சக்கரத்துக்குள் நடந்தவர்கள் செய்த வேலையை இங்கே செய்தவர்கள் இந்தப் படகோட்டிகள். அங்கே அந்த வேலையின் நினைவாக வானளாவிய மரக்கோபுரம் ஒன்றை எரிந்த பிறகும் மீட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். இங்கே தென்னங்கயிறு மக்கிப்போனது, அவ்வளவுதான்.

இரண்டு ஊர்களையும் இணைக்கும் கயிறு ஒன்று உண்டு என்பதைச் சார் அழகாக விளக்கினார். போலந்தின் கோதுமையும் கம்பும் விஸ்துலா ஆற்றில் இறங்கி டான்சிக் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்குப் போயின. டச்சுக்காரர்கள் தங்கள் வணிகங்களுக்கெல்லாம் தாய் என்று அழைத்தது அந்தப் பால்டிக் தானிய வணிகத்தை. அதில் திரண்ட முதலும் கப்பல் தொழிலும்தான் 1602-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஊட்டமாயின. அந்தக் கம்பெனி சதுரங்கப்பட்டினத்தில் வாங்கியது மெல்லிய மஸ்லின் துணியை. வணிகர்கள் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, துணி வாங்கி, அதைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பி, அங்கே மிளகும் கிராம்பும் பெற்றார்கள். தொல்லியல் துறை இந்தக் கோட்டைக்குள் தோண்டியபோது களிமண் புகைக்குழாய்களும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. ஒரு வணிக வட்டத்தின் இரு முனைகளும் ஒரே குழியில்.

1754 ஜனவரியில் இந்த ஊர் சில நாட்களுக்குத் தென்னிந்திய அரசியலின் மையமாக இருந்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே நடுநிலை மண் வேண்டும் என்று, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரின் இந்த ஊரைத் தேர்ந்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் பால்க், வான்சிட்டார்ட். டூப்ளே தரப்பில் பாதிரியார் லவோர் உள்ளிட்ட மூவர். கர்நாடகத்துக்கு நவாப் யார் என்பதே வழக்கு. பிரெஞ்சுக்காரர்கள் நீட்டிய முகலாய ஆவணங்கள் உண்மையானவையா என்ற சண்டையில் பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த ஆண்டே டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். இந்த ஊரில் உட்கார்ந்து, இந்த மண்ணை யார் ஆள்வது என்று விவாதித்தவர்களில் இந்த மண்ணைச் சேர்ந்தவர் ஒருவர்கூட மேசையில் இல்லை. 1781-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இதே கடலில் ஹ்யூஸின் ஒன்பது கப்பல்களும் சுஃப்ரானின் பன்னிரண்டும் மோதின, தீர்வில்லாமல் பிரிந்தன. கைமாறிக் கைமாறி, 1824 ஒப்பந்தப்படி, 1825-இல் ஊர் முற்றாக ஆங்கிலேயரிடம் போயிற்று.

காவலர் வந்து கல்லறைத் தோட்டத்தைத் திறந்தார். கிடத்தி வைத்த பெரிய கற்பலகைகள். அவற்றில் குலச்சின்னங்கள், இலைக்கொடிகள், ஆழமாக வெட்டிய டச்சு எழுத்துகள். அந்த வேலைப்பாட்டின் முன் எல்லோரும் மௌனமானோம். கணவர், மனைவி, குழந்தை என்று சார் ஒவ்வொன்றாக வாசித்தார். அந்நிய மண்ணில் வந்து மாண்டவர்கள் என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அப்போதுதான் நான் கேட்டேன். "சார், இந்தக் கரையிலிருந்து அங்கே போய் மாண்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டாமா?"

கேட்டதன் காரணம் இதுதான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இந்தக் கரையில் துணி மட்டும் வாங்கவில்லை. பஞ்சம் வந்தபோதெல்லாம் மனிதர்களையும் வாங்கியது. பிஜப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சை நாடு சீரழிந்த 1659-61 பஞ்சத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து கம்பெனி மட்டுமே எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை அடிமைகளாக வாங்கியது என்கிறார் வரலாற்றறிஞர் மார்கஸ் விங்க். பெரும்பாலோர் இலங்கைக்கு, சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். பிள்ளையைப் பெற்றவரே விற்ற காலம் அது. தம்மைத் தாமே விற்றவர்களும் உண்டு. இந்த வணிகத்தில் சதுரங்கப்பட்டினம் முதன்மையான ஊர் அல்ல. ஆனால் இதே கம்பெனி, இதே கடல், இதே தைத்த படகுகள்.

சார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கூட்டத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் பார்க்க வந்தவர்களை அழவைத்து அனுப்ப முடியுமா? கல் இருப்பவரைப் பற்றித்தானே கல்லின் முன்னால் பேச முடியும்?" என்றார்.

கோபத்தில் சொன்னதல்ல. வழிகாட்டியின் சங்கடம் அதில் இருந்தது. கையால் தொட்டுக் காட்ட ஏதாவது வேண்டும் அவருக்கு. அடிமைகளாகப் போனவர்களுக்கு இங்கே ஒரு பலகையும் கிடையாது. ஆனால் மாமல்லபுரத்தில், இல்லாத துறையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசியவரும் அவர்தான். இல்லாததைச் சுட்டிக்காட்டுவது அவருக்குத் தெரியாத கலை அல்ல. நான் இதைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வேனுக்குத் திரும்பும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாலையில் பாலாற்று முகத்துவாரத்தை நோக்கிப் போனோம். அங்கே வாசவசமுத்திரத்தில், 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் உறைகிணறுகளும் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் வெளிவந்தன. பெரும்பாணாற்றுப்படை பேசும் நீர்ப்பெயற்று என்ற துறையையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் இந்தப் பகுதியில் தேடுபவர்கள் உண்டு. இப்போது பார்க்க எதுவும் இல்லை, தோப்பும் மணலும்தான். சார் அந்த வெற்று மணலைக் காட்டி அரைமணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், "அந்தச் சாடியிலே இருந்ததை யார் குடிச்சாங்க சார்?" என்றான். எல்லோரும் சிரித்தோம், சாரும்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி. அடுத்த வாரம் வேறொரு குழுவைச் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துப் போகிறாராம். நலம் விசாரித்துவிட்டு, "அந்தப் பஞ்ச வருஷங்களைக் கொஞ்சம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். புத்தகத்தை எடுத்து நிதானமாக வாசித்தேன். ஒவ்வொரு ஆண்டையும் அவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். "எங்கே நின்று சொல்வதாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கல்லறையில் வேண்டாம் என்று பார்க்கிறேன். கோட்டைக்கு வெளியே, அலை பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிவிட்டு, அப்புறம் உள்ளே கூட்டிப்போகலாம்" என்றார்.